குப்புற அடுக்கிய படம்

அவள்தான். வேறு யார்? அசையாதே. மூச்சை மெதுவாக விடு. திரும்பிப் பார்த்தால் போய்விடுவாள்.

இப்படி எனக்குள் சொல்லிக்கொண்டு குசினியில் நின்றேன். கையில் அகப்பை. பருப்பு பொங்கி வழிந்து அடுப்பில் சீறியது. நான் அசையவில்லை.

இதைக் கதையாகப் படிக்க விரும்புகிறவர்கள் அப்படியே படியுங்கள். எனக்கு வருத்தமில்லை. ஆனால் இது நடந்தது. 2006ஆம் ஆண்டு நவம்பரில், பீலெஃபெல்டில், நாங்கள் இன்னும் குடியிருக்கிற இந்த மூன்றாம் மாடி வீட்டில் நடந்தது. அந்த மேசை இங்கேதான் இருக்கிறது. அதில் வைத்துத்தான் இதை எழுதுகிறேன்.

என் வேலையைச் சொன்னால்தான் மற்றது விளங்கும்.

படத்தைத் துண்டு துண்டாக வெட்டி மறுபடி பொருத்தி விளையாடுகிற பஸில் உங்கள் வீட்டிலும் இருக்கும். என்னிடம் வருபவை கடையில் விற்கிற அட்டைப் பஸில்கள் அல்ல. விக்டோரியா மகாராணி காலத்தில் இங்கிலாந்தில் செய்தவை. படத்தை மகோகனிப் பலகையில் ஒட்டி, மெல்லிய வாளால் கையாலேயே அறுத்திருப்பார்கள். ஓரத்துத் துண்டுகள் மட்டும் ஒன்றையொன்று கொளுவிக்கொள்ளும். நடுவில் உள்ளவை சும்மா பக்கத்தில் பக்கத்தில் கிடக்கும். மேசை ஆடினால் கலைந்துவிடும். பெட்டியின் மேல் படமும் இருக்காது. உள்ளே என்ன படம் என்று தெரியாமலே அடுக்க வேண்டும்.

நகரத்தின் பழைய பகுதியில் ஃபிராவ் ஹில்கர் என்ற அம்மாள் பழைய விளையாட்டுச் சாமான் கடை வைத்திருக்கிறார். இந்தப் பஸில்களை அவர் விற்பதற்கு முன் யாராவது ஒருவர் முழுதாக அடுக்கி, துண்டு எதுவும் குறையவில்லை என்று பார்த்துச் சொல்ல வேண்டும். காலையில் ஒரு பாடசாலையில் துப்புரவு வேலை முடித்துவிட்டு, பின்னேரங்களில் நான் அதைச் செய்தேன்.

நான் படத்தைப் பார்த்து அடுக்குவதில்லை. எல்லாத் துண்டுகளையும் குப்புறப் போட்டு, மரத்தின் ரேகையைப் பார்த்து அடுக்குவேன். படத்தில் வானம் முழுக்க ஒரே நீலம். புல் முழுக்க ஒரே பச்சை. அதுவும் மங்கிப்போன நிறம். ரேகை அப்படியல்ல. ஒரு துண்டில் முடிகிற கோடு அடுத்த துண்டில் தொடங்கியே ஆக வேண்டும். முழுதாக அடுக்கிய பிறகு மேலே ஒரு பலகையை வைத்து, இரண்டு பக்கமும் இறுக்கிப் பிடித்து, ஒரே திருப்பாகத் திருப்புவேன். அப்போதுதான் முதன்முதலாகப் படத்தைப் பார்ப்பேன்.

என் மகள் சாண்ட்ராவுக்கு இது கொஞ்சமும் பிடிக்காது.

எதிர்க் கதிரையில் முழங்காலை ஊன்றி நிற்பாள். நான் கறியைக் கிளற குசினிக்குப் போனால் போதும். திரும்பி வரும்போது சிவந்த மரத் துண்டுகளுக்கு நடுவே ஒன்று மட்டும் நிமிர்ந்து கிடக்கும். ஒரு குதிரையின் கண். ஒரு தொப்பியின் நுனி.

"ஏன் பிள்ளை திருப்பினனீ?" என்று கேட்பேன்.

"அது மூச்சு விட வேண்டாமா அம்மா?" என்பாள். ஜெர்மனில்தான் சொல்வாள். நான் தமிழில் கேட்பதும் அவள் ஜெர்மனில் பதில் சொல்வதும் எங்கள் வீட்டு வழக்கம். இங்கே பிறந்த எங்கள் பிள்ளைகள் முக்கால்வாசிப் பேர் அப்படித்தான்.

இரத்தப் புற்றுநோய். 2005 செப்டெம்பரில் போனாள். ஒன்பது வயது.

அதற்குப் பிறகு ஒரு வருடத்துக்கு மேல் நான் எந்தப் பெட்டியையும் திறக்கவில்லை. ஃபிராவ் ஹில்கரும் வற்புறுத்தவில்லை. நவம்பர் நடுவில் அவரே ஒரு பெட்டியைக் கொண்டுவந்து வாசலில் தந்தார். டெட்மோல்ட் பக்கத்தில் ஒரு பழைய வீட்டைக் காலி செய்தபோது கெல்லரில் கிடந்ததாம். நிலத்துக்குக் கீழே இருட்டு அறை, எல்லா வீட்டிலும் உண்டே, அதில். "முடிந்தால் செய்யுங்கள், முடியாவிட்டால் அப்படியே வைத்திருங்கள்," என்றார்.

இழுத்துத் திறக்கிற மூடி. உள்ளே கற்பூர வாசனை.

நவம்பரில் இங்கே நாலரைக்கே இருட்டிவிடும். என் கணவர் சூசைதாசனுக்கு உணவுத் தொழிற்சாலையில் பின்னேர வேலை. பத்து மணிக்குப் பிறகுதான் வருவார். நான் மேசை விளக்கைப் போட்டு, துண்டுகளைக் கொட்டி, ஒவ்வொன்றாகக் குப்புறத் திருப்பிப் பரப்பினேன். பார்க்காமல் திருப்பினேன். விரல்களுக்கு அது பழக்கம்.

ஐந்து மணி இருக்கும். பருப்பைப் பார்க்கக் குசினிக்குப் போனேன்.

டக்.

கரம் பலகையில் ஒரு காய் விழுந்ததைப் போல. ஒரே ஒரு சத்தம்.

அப்போதுதான் அகப்பையோடு அப்படி நின்றேன். பருப்பு அடிப்பிடிக்கிற மணம் வந்த பிறகுதான் திரும்பினேன். மேசைக்கு அந்தப் பக்கம் யாரும் இல்லை. சிவந்த துண்டுகளுக்கு நடுவே ஒன்று நிமிர்ந்து கிடந்தது.

ஒரு நாயின் கண்.

நான் பயப்படவில்லை. இதையும் நீங்கள் நம்ப வேண்டும். பதினாலு மாதங்களாக எனக்குள் இறுகிக் கிடந்த ஏதோ ஒன்று இளகியது. கதிரையில் உட்கார்ந்து அழுதேன். அந்தத் துண்டை நான் மறுபடி குப்புறத் திருப்பவில்லை. அது மூச்சு விடட்டும் என்று விட்டுவிட்டேன்.

அடுத்த நாள் காத்திருந்தேன். குசினி வாசலில் மேசைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றேன்.

"சாண்ட்ரா. அம்மா இஞ்சதான் நிக்கிறன். இன்னொண்டு திருப்பு பாப்பம்."

ஒன்றுமில்லை. தெருவில் ட்ராம் போனது. குளிர்ப்பெட்டி உறுமியது. நான் திரும்பத் திரும்பக் கூப்பிட்டேன். செல்லப் பெயரெல்லாம் சொல்லிக் கூப்பிட்டேன்.

ஒன்றுமில்லை.

கடைசியில், ஏனென்று தெரியாது, ஜெர்மனில் சொன்னேன். "இன்னொன்றைத் திருப்பு, செல்லம்."

டக்.

எனக்குச் சிரிப்பு வந்தது. அங்கே போயும் தமிழில் பதில் சொல்ல மாட்டேன் என்கிறாளே என்று சிரித்தேன். இதைவிட வேறு அத்தாட்சி எனக்குத் தேவைப்படவில்லை.

அந்தத் துண்டில் ஒரு சின்னச் சப்பாத்து இருந்தது. ஓடுகிற கால்.

அந்த வாரம் முழுதும் அப்படியே போனது. நான் இரவில் உறங்கினேன். சாப்பிட்டேன். எதிர்க் கதிரையின் மெத்தையில் ஒவ்வொரு பின்னேரமும் ஒரு பள்ளம் இருக்கும். கை வைத்தால் ஈரமாக, குளிர்ந்திருக்கும். கற்பூர வாசனை பெட்டியை விட்டு வெளியே வந்து வீடெல்லாம் நிற்கத் தொடங்கியது. சின்ன வயதில் அவளுக்குத் தடிமன் வந்தால் நெஞ்சில் தைலம் பூசுவேன். அந்த வாசனைதான் என்று நினைத்துக்கொண்டேன்.

வியாழக்கிழமை கொறற்றி வந்தாள். கீழ்மாடியில் இருப்பவள். மன்னார்க்காரி. வாய் ஓயாது. கேவலார் மாதா கோயிலில் மந்திரித்த தண்ணீரை ஒரு போத்தலில் கொண்டுவந்திருந்தாள்.

"உந்த மரத்துண்டுகளை வைச்சு என்னக்கா செய்யிறியள்? வெள்ளைக்காரர் விளையாடுறதுக்கும் கூலிக்கு ஆள் பிடிக்கினமோ?"

"விளையாட்டில்லையடி. வேலை."

"எனக்கும் ஒரு வேலை எடுத்துத் தாங்கோ. வீட்டில ரெண்டு பேர் விளையாடியே என்னைக் கொல்லுறாங்கள்." தேத்தண்ணீரை வாயில் வைத்தவள் நிறுத்தினாள். "அத்தான் இண்டைக்கு வேலைக்குப் போகேல்லையோ?"

"போயிட்டார். ஏன்?"

"அப்ப ஆர் இருமினது?"

நானும் கேட்டிருந்தேன். மூன்று நாட்களாகக் கேட்டுக்கொண்டிருந்தேன். தகரத்தைக் கீறுவதைப் போன்ற இருமல். தொண்டையில் ஏதோ அடைத்துக்கொண்டு, அதைத் தள்ளி வெளியே வர முடியாத ஒரு மூச்சு.

"மேல்வீட்டுக் கிழவர்," என்றேன்.

கொறற்றி மேசையைப் பார்த்தாள். எதிர்க் கதிரையைப் பார்த்தாள். அதற்குப் பிறகு பகிடி ஒன்றும் விடவில்லை. போகும்போது தண்ணீர்ப் போத்தலைத் திறந்து வாசலில் இரண்டு துளி தெளித்துவிட்டுப் போனாள்.

சாண்ட்ரா ஒருநாளும் அப்படி இருமியதில்லை. அவளுடைய நோய் இரத்தத்தில். எனக்கு அது தெரியாதா? தெரியும். தெரிந்ததை ஓரமாகத் தள்ளி வைத்துவிட்டு ஒரு தாயால் எத்தனை நாள் இருக்க முடியும் என்பது அனுபவித்தவர்களுக்குத்தான் தெரியும்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்த பிறகு சூசைதாசனிடம் சொன்னேன். அவர் கோட்டைக் கழற்றாமலே கேட்டுக்கொண்டிருந்தார்.

"நீர் எத்தினை நாளா இதை எனக்குச் சொல்லாமல் வைச்சிருக்கிறீர்?"

"ஒரு கிழமை."

"அவள் என்னட்டையும் வந்திருப்பாளே அப்பா," என்றார். கோபமாகச் சொல்லவில்லை. யாரோ ஒரு கொண்டாட்டத்துக்குத் தன்னைக் கூப்பிட மறந்துவிட்டதைப் போலச் சொன்னார்.

பிறகு மேசையருகே போய் நின்றார். விரலை மடக்கி மரத்தில் மூன்று தரம் தட்டினார்.

அது அவர்கள் இருவருக்கும் உரியது. இரவில் வேலை முடிந்து வந்து, பிள்ளையை எழுப்பக்கூடாதென்று கதவைத் திறக்காமல் அவள் அறைச் சுவரில் மெதுவாக மூன்று தரம் தட்டுவார். அவள் விழித்திருந்தால் உள்ளேயிருந்து இரண்டு தட்டு வரும். ஆஸ்பத்திரியிலும் கட்டில் கம்பியில் அப்படித்தான். கடைசி நாள் விடியற்காலை அவர் மூன்று தட்டினார். அவள் கண்ணைத் திறக்கவில்லை. ஒரு விரல் மட்டும் இரண்டு தரம் அசைந்தது.

அவர் காத்திருந்தார். மறுபடி மூன்று.

மறுபடி.

பதில் வரவில்லை. மெத்தையில் பள்ளம் இருந்தது. நான் காட்டினேன். அவர் குனிந்து அதில் கையை வைத்தார். சட்டென்று எடுத்துக்கொண்டார்.

"இது எங்கட பிள்ளை இல்லையப்பா."

"உங்களுக்கு வரேல்லை எண்டபடியால் சொல்லுறியள்."

"இஞ்சேரும்... நான் சொல்லுறதைக் கேளும். இது ஆற்றையோ பிள்ளை. வேறை ஆற்றையோ பிள்ளை வந்து இருக்குது." குரலைத் தாழ்த்திக்கொண்டார், அந்தப் பிள்ளைக்குக் கேட்டுவிடும் என்பதைப் போல. "உந்தப் பெட்டியைத் திருப்பிக் குடுத்துவிடும்."

 அவர் பால்கனுக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். கண்ணாடிக்குப் பின்னால் அவருடைய தோள்கள் குலுங்குவது தெரிந்தது. போய் அணைத்திருக்கலாம். போகவில்லை. அப்போது எனக்கு மேசையை விட்டு எழும்ப மனம் வரவில்லை.

மறுநாள் திங்கட்கிழமை. அவர் வேலைக்குப் போய்விட்டார். நான் நிமிர்ந்து கிடந்தவற்றையும் குப்புறத் திருப்பிச் சேர்த்து அடுக்கி முடித்தேன்.

ஒரு துண்டு இல்லை.

நடுவில், கொஞ்சம் வலப்பக்கமாக, உள்ளங்கை அளவுக்கு ஓர் ஓட்டை. பெட்டியில் தேடினேன். மேசைக்குக் கீழே தேடினேன். இல்லை. மேலே பலகையை வைத்து, இறுக்கிப் பிடித்துத் திருப்பினேன். பலகையை எடுத்தேன்.

ஒரு பெரிய அறை. கணப்படுப்பில் நெருப்பு. மேசைக்கடியில் ஒரு நாய். பிள்ளைகள் சிதறி ஓடுகிறார்கள். நடுவில் ஒரு பெண், அவர்களின் தாய். கண்ணை வெள்ளைத் துணியால் கட்டியிருக்கிறது. இரண்டு கைகளையும் நீட்டிக்கொண்டு நிற்கிறாள்.

கண்கட்டி விளையாட்டு.

அவளுடைய வலது கை நீண்டு போகிறது. யாரையோ தொடப் போகிறது. அந்த இடத்தில்தான் ஓட்டை. ஓட்டைக்கு இந்தப் பக்கம் மணிக்கட்டு. அந்தப் பக்கம் ஒரு சிறுமியின் பாவாடை. முகம் இல்லை.

சாண்ட்ரா பாலர் பாடசாலையில் இதை விளையாடுவாள். வீட்டிலும் என் கண்ணைக் கட்டிவிட்டுக் கதிரைகளுக்குப் பின்னால் ஒளிவாள்.

விளையாடக் கூப்பிடுகிறாள் என்று நினைத்தேன்.

எழுந்து அவளுடைய கழுத்துச் சால்வையை எடுத்து வந்தேன். ஆஸ்பத்திரிக்குக் கட்டிக்கொண்டு போன சால்வை. விளக்கை அணைக்கவில்லை. கண்ணைக் கட்டினேன். மணி ஐந்து இருபது.

கைகளை நீட்டினேன்.

"அம்மா வருகிறேன்," என்று ஜெர்மனில் சொன்னேன்.

எதிர்க் கதிரை கிறீச்சிட்டது.

பலகைத் தரையில் காலடி. இலேசான காலடி. சப்பாத்துப் போட்ட கால்.

சாண்ட்ரா வீட்டுக்குள் சப்பாத்துப் போடமாட்டாள்.

இருமல். இடப்பக்கம். நான் திரும்பினேன்.

இருமல். பின்னால்.

கற்பூரம். நனைந்த கம்பளியின் வாசனை.

ஓர் அடி வைத்தேன். இன்னோர் அடி...

விரல் நுனியில் ஏதோ பட்டது.

கம்பளிச் சட்டை. சொரசொரப்பு. அதற்குள்ளே ஒரு தோள். சின்னத் தோள். அது ஓடவில்லை. அப்படியே நின்றது. பிடிபடுவதற்காகவே நின்றது.

கையை மேலே கொண்டுபோனேன். கழுத்து. துணி சுற்றியிருந்தது. அதன் கீழே வீங்கியிருந்தது.

கன்னம். குளிர்.

முடி.

பின்னல். இரண்டு பின்னல்.

என் மகளுக்குக் கடைசியில் தலையில் ஒரு முடிகூட இருக்கவில்லை.

அங்கே போய் வளர்ந்திருக்கும் என்று நினைத்தேன்.

அது மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றது. எதற்கோ காத்திருந்தது. என் வாயிலிருந்து ஏதோ வர வேண்டும் என்று காத்திருந்தது...

"சாண்ட்ரா," என்றேன்.

ஒன்றுமில்லை.

பிறகு, மெதுவாக, மிக மெதுவாக, அந்தப் பின்னல் என் விரல்களுக்குள்ளிருந்து உருவிக்கொண்டு போனது.

டக்.

டக். டக்.

டக் டக் டக் டக்...

கண்ணில் கட்டிய சால்வையை இழுத்து அவிழ்த்தேன்.

யாரும் இல்லை. படமும் இல்லை. ஓரத்துத் துண்டுகள்கூடக் கழன்று கிடந்தன. எல்லாம் கலைந்து, எல்லாம் குப்புற, முதல் நாள் நான் கொட்டிப் பரப்பியிருந்ததைப் போலவே.

சூசைதாசன் வந்தபோது நான் அதே இடத்தில் உட்கார்ந்திருந்தேன். அவர் சாப்பாட்டைச் சூடாக்கி என் முன்னால் வைத்தார்.

மறுநாள் ஃபிராவ் ஹில்கருக்குத் தொலைபேசி எடுத்து, ஒரு துண்டு குறைகிறது என்றேன். கண்ணைக் கட்டியிருக்கும் பெண்ணின் கை என்றேன். அப்படிக் குறைந்தால் பழைய மரத்தில் புதுத் துண்டு செய்து, நிறம் தீட்டிப் பொருத்தித் தருகிறவர்கள் இருக்கிறார்கள். அதைத்தான் சொல்வார் என்று எதிர்பார்த்தேன். முதலில் அந்த டெட்மோல்ட் வீட்டுக்காரியிடம் கேட்டுப் பார்க்கிறேன் என்றார். அன்று இரவே கூப்பிட்டார். அவர் குரல் ஒரு மாதிரியாக இருந்தது.

"அந்த அம்மாள் உங்களைப் பார்க்க வேண்டுமாம். அடுக்குகிறவரைப் பார்க்க வேண்டும் என்கிறார்."

வியாழக்கிழமை பகல் வந்தார்கள். வீட்டுக்காரியின் பெயர் ஃபிராவ் ஓபர்மான். எழுபத்தாறு வயது. ஊன்றுகோலோடு மூன்று மாடி ஏறி வந்து, வாசலில் நின்று மூச்சு வாங்கினார். பிறகு மூச்சை ஒருதரம் உள்ளே இழுத்துப் பார்த்தார்.

"தைலம்," என்றார்.

நான் கோட்டை வாங்கக் கையை நீட்டினேன். அவர் தரவில்லை.

"எந்தப் பக்கம் உட்காருகிறாள்?"

 என் கண் எதிர்க் கதிரைக்குப் போயிருக்க வேண்டும். அவர் தலையை ஆட்டினார். மேசையைச் சுற்றிக்கொண்டு வந்து என் பக்கத்துக் கதிரையில் உட்கார்ந்தார். நான் அந்த இரண்டு நாட்களில் படத்தை மறுபடி அடுக்கித் திருப்பி வைத்திருந்தேன். நடுவில் ஓட்டையோடு.

கோப்பி ஊற்றினேன். ஃபிராவ் ஹில்கர் யன்னலோரம் போய் நின்றுகொண்டார். அந்த அம்மாள் படத்தைப் பார்த்துக்கொண்டே பேசினார். நீட்டிப் பேசவில்லை.

அவருக்கு ஓர் அக்கா இருந்தாள். 1934 நவம்பரில் தொண்டை அடைப்பான் நோய் வந்தது. இந்தப் பஸிலை அம்மாவும் அக்காவும் படுக்கையில் ஒரு பலகையை வைத்து அடுக்கிக்கொண்டிருந்தார்கள். கழுத்து வீங்கி, தைலம் பூசித் துணி சுற்றியிருந்தது. ஒரு துண்டு பாக்கி இருக்கும்போது பிள்ளைக்கு மூச்சு நின்றுவிட்டது. எட்டு வயது. அந்தத் துண்டு அம்மாவின் கையில் இருந்தது.

"அம்மா அதை வைக்கவே இல்லை," என்றார். "ஒவ்வொரு நவம்பரிலும் எடுத்து அடுக்குவார். கடைசித் துண்டை மட்டும் மேலங்கிப் பையில் வைத்துக்கொள்வார். நான் அடுத்த அறையில் படுத்திருப்பேன். இருமல் கேட்கும். அம்மா சிரிப்பதும் கேட்கும். எனக்கு நாலு வயது. பிறகு பத்து வயது. பிறகு நாற்பது. அவள் மட்டும் எட்டு வயதில் இருமிக்கொண்டே இருந்தாள்."

1971இல் தாய் இறந்த அன்று இவர் பெட்டியைக் கெல்லருக்குக் கொண்டுபோய் வைத்தார். எரிக்க மனம் வரவில்லை. அதற்குப் பிறகு சத்தம் இல்லை. இப்போது முதியோர் இல்லத்துக்குப் போகும்போது வீடு காலிசெய்ய வந்தவர்கள் இதையும் தூக்கிக்கொண்டு போய்விட்டார்கள்.

கைப்பையைத் திறந்து ஒரு கைக்குட்டையை எடுத்தார். விரித்தார். அதே சிவந்த மரம். ஒரு கையின் நான்கு விரல்கள். அவை ஒரு சிறுமியின் பின்னலைத் தொட்டுக்கொண்டிருந்தன. பின்னலுக்கு மேலே முகம். சிரிப்பை அடக்கிக்கொண்டு, பிடிபட்டுவிட்ட முகம்.

"உங்கள் நாட்டில் இதை எப்படி விளையாடுவீர்களோ தெரியாது. எங்களுக்கு அந்தக் காலத்தில் பிடித்தால் மட்டும் போதாது. கண்ணைக் கட்டியவர் முகத்தைத் தடவி, யாரென்று பெயர் சொல்ல வேண்டும். சரியாகச் சொன்னால்தான் ஆட்டம் முடியும். பெயர் பிழைத்தால் பிள்ளையை விட்டுவிட்டு மறுபடி தொடங்க வேண்டும்."

என் விரல்களில் அந்தப் பின்னல் உருவிக்கொண்டு போனது நினைவுக்கு வந்தது.

"நீங்கள் பிடித்தீர்களா?" என்று கேட்டார்.

நான் தலையை ஆட்டினேன்.

"என்ன பெயர் சொன்னீர்கள்?"

அவர் சுவரைப் பார்த்தார். சுவரில் என் மகளின் படம் இருந்தது. இளஞ்சிவப்புத் தொப்பி போட்ட படம். அவர் அதை நெடுநேரம் பார்த்தார். பிறகு என் கையைப் பிடித்துக்கொண்டார். எலும்பும் தோலுமான கை.

"நான் அவள் பெயரைச் சொல்லிப் பார்த்தேன். எத்தனையோ தடவை. நான் சொல்லி என்ன? அவள் என்னிடம் பிடிபடுவதில்லை. பிடித்தவர்தான் சொல்ல வேண்டும். அம்மா கடைசிவரைக்கும் சொல்லவில்லை. வேண்டுமென்றே சொல்லவில்லை."

அக்காவின் பெயரை அவர் என் காதருகே சொன்னார். நான் மறந்துவிடக்கூடாது என்பதைப் போல மறுபடி சொன்னார்.

"இந்தத் துண்டை வையுங்கள். பெயரைச் சொல்லுங்கள். எழுபத்திரண்டு வருடமாக அவள் களைத்துப்போயிருக்கிறாள். தயவுசெய்து போகவிடுங்கள்."

துண்டு என் உள்ளங்கையில் இருந்தது. இலேசாக இருந்தது. ஓட்டை எனக்கு முன்னால் இருந்தது. கையை ஒரு சாண் நகர்த்த வேண்டும், அவ்வளவுதான்.

என் பிள்ளை வரவில்லை. அந்தப் பகல் வெளிச்சத்தில், அந்தக் கதிரையில், அது எனக்குத் தெளிவாகத் தெரிந்தது. மூன்று தட்டுக்கு இரண்டு தட்டு இனி ஒருநாளும் வராது. சூசைதாசன் சொன்னது சரி. இது ஆற்றையோ பிள்ளை.

மெத்தையில் பள்ளம் விழுந்தது. நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே விழுந்தது.

அந்தப் பெயரை நான் இங்கே எழுதவில்லை. எழுதினாலும் சொன்னதாகிவிடும்.

துண்டை மறுபடி அந்த அம்மாளின் உள்ளங்கையில் வைத்தேன். அவருடைய விரல்களை ஒவ்வொன்றாக மடித்து மூடினேன்.

"கோப்பி ஆறப் போகிறது," என்றேன். "குடியுங்கள்."